புகார் வராத தெரு

கிரிவலப் பாதையருகே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அந்த அம்மா, பட்டப்பகலிலும் ஷட்டரைப் பாதி இறக்கியே வைத்திருப்பார். பைக் சத்தம் கேட்டால் அவர் கை அப்படியே நின்றுவிடும்.

குற்றவியல் மாணவனான நான் ஓர் ஆய்வுக் கட்டுரையை நகலெடுக்கக் கொடுத்தேன். அவர் கடை இருந்த தெருவைப் பற்றியது. ரவுடிகள் மாமூல் கேட்டு மிரட்டுவதாக ஓராண்டாக ஒரு புகார்கூட வரவில்லை, ஆகவே பாதுகாப்பான தெரு என்று முடிந்திருந்தது. ஓரத்தில் நான் 'அருமை' என்று எழுதியிருந்தேன்.

அவர் அதைப் படித்துவிட்டு, "யாரைக் கேட்டு எழுதினாங்க?" என்றார்.

"போலீஸ் ரெக்கார்டைப் பாத்துதாங்க."

"கம்ப்ளைன்ட் குடுத்தவங்க யாரும் இப்ப இங்க கடை வெச்சிக்கினு இல்லீங்களே" என்றபடி பக்கங்களை அடுக்கினார்.

அன்றே 'அருமை'யை அடித்துவிட்டேன். அவரிடம் இன்னும் கேட்க நிறைய இருந்தது.

மறுவாரம் போனபோது ஷட்டர் முழுதும் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தேன்.

அவர் தெருமுனையைப் பார்த்தபடியே சொன்னார்: "இங்க ஒரு பிரச்சனையும் இல்லீங்க."