கரைத்த கூழ்

விருத்தாசலம் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். பெருமுக்கல் பக்கம் கல் உடைக்கப் போய் இடுப்பு போனபின் இந்த வேலைக்கு வந்தார். மோட்டார் போடுவார், தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவார், தெருத்தெருவாகக் குழாய்களைப் பார்ப்பார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அக்கா அம்சா வீட்டில்தான் சாப்பாடு. அவளை விட்டால் அவருக்கு யாரும் கிடையாது.

எங்கள் கீழத்தெருவில் தண்ணீர் ஏறாது. வாசலில் குழி தோண்டி, குழாயை வெட்டித் தாழ்த்தி, குழிக்குள் குடத்தை இறக்கிப் பிடிப்போம். தண்ணீர் நின்றதும் குழியில் தேங்கிய சாக்கடையைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று அவர் வீடு வீடாகச் சொல்வார். மழை பெய்தால் பக்கெட்டோடு வந்து தானே குழிகளை இறைப்பார்.

"குழி இன்ஸ்பெக்டர் வர்றாரு, ஜல்தி மூடுங்கடி" என்று பெண்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டு இறைப்பார்.

அந்த ஆடியில் மாரியம்மன் கூழுக்கு அம்சா பொறுப்பு. முந்தின நாள் குழாயடியிலேயே எங்கள் எல்லோர் எதிரிலும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், போன வருஷம் கூழு பூரா பவுடர் நாத்தம். அம்மனுக்கு ஆஸ்பத்திரி கூழாடா ஊத்துறது?"

"மழ பேஞ்சிக்கினு இருக்குதுக்கா. குழியெல்லாம் ரொம்பிக் கெடக்குது. போடாம வுட முடியாது."

"கேப்பைய கொதிக்க வச்சிதான காய்ச்சுறோம்? எந்தப் பூச்சிடா பொழைக்கும்? ஒரு நாளு வுடு. ஊரு வாயில என்னப் போடாத."

விருத்தாசலம் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். கொதிக்கத்தானே போகிறது என்று அவருக்கும் பட்டது.

"சரிக்கா. ஒரு நாளுதான்."

மறுநாள் காலை கோயில் வாசலில் நானும் ஓரமாக நின்றேன். இரவே காய்ச்சிய கூழ் அண்டாவில் ஆறிக் கட்டியாகக் கிடந்தது. பெண்கள் கீழத்தெருக் குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். விருத்தாசலம் அப்போதுதான் வந்தார். அவர் பிறந்ததிலிருந்து ஆடிக்கு ஆடி பார்த்த காட்சிதான்; முந்தின நாள் அது நினைவுக்கு வரவில்லை. குடத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"அக்கா, ஊத்தாத. பச்சத் தண்ணி அது. எல்லாத்தையும் கொட்டிடு."

"சாமி கூழக் கொட்டச் சொல்றான் பாருங்கடி. காலங்காத்தால என்னடா பேஜாரு உனக்கு?"

அவர் அண்டாவின் விளிம்பைப் பிடித்தார். ஆண்கள் அவரை இழுத்து அப்பால் நிறுத்தினார்கள். படைத்து முடித்ததும், தம்பி பார்க்க அம்சா முதல் சொம்பைக் குடித்தாள்.

இரண்டு நாளில் வாந்தியும் பேதியும் கீழத்தெரு முழுக்கப் பரவியது. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் மற்றவர்கள் நடந்து திரும்பினார்கள். அம்சாவைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி விருத்தாசலத்திடம், "பவுடர் போட்டியா?" என்று கேட்டார்.

"போடலீங்க."

யார் சொல்லிப் போடவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அதன்பின் தொட்டியில் ஏறிப் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு வந்துதான் அக்காவின் காலடியில் உட்கார்ந்தார். அவளைக் குளிப்பாட்டப் பெண்கள் குடத்தைச் சாய்த்தபோது பவுடர் நாற்றம் குப்பென்று எழுந்தது. ஒருத்தியும் மூக்கைப் பொத்தவில்லை.