பிரிக்காத எஞ்சின்

பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிடலாம். அதை வண்டிக்காரர் காதில் ஏற்றுவதற்குள் நமக்கு உயிர் போய்விடும். ஆரணியில் சேவூர் ரோட்டில் எனக்கு ஒரு ஷெட் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோளாறைச் சொல்லித் திட்டு வாங்கும் பல் டாக்டர், பிளம்பர், ஏ.சி. மெக்கானிக் எல்லாரும் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம். இத்தனை பாடும் ஒரே வண்டியால் வந்தது. மண் ரோட்டிலும் ஏரிக்கரையிலும் ஏற்றி ஓட்டுவதற்காகக் கட்டை டயரும் உயரமான ஷாக்கும் மாட்டிய ஒரு பச்சை வண்டி.

தெருவெல்லாம் புகை

முதலில் கொண்டுவந்தவர் பட்டுச்சேலை வியாபாரி டில்லிபாபு. ஸ்டார்ட் செய்தால் கொசு மருந்து அடிப்பதுபோல் வெள்ளைப் புகை. தெருவில் சண்டைக்கு வருகிறார்களாம். கியர் ஆயில் பார்த்தேன், பாதி இல்லை. கீழே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அப்படியென்றால் எஞ்சினேதான் குடிக்கிறது.

எஞ்சினுக்குள் சுழலும் கிராங்கின் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் தேய்ந்துவிட்டால் கியர் ஆயிலை உள்ளே இழுத்து எரித்துவிடும். இந்த வண்டியில் அடி எஞ்சினைப் பிரித்தால்தான் அதை மாற்ற முடியும். எல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எரிஞ்சா எரியட்டும்ணா, நான் ஆயில் ஊத்திகினே இருக்கேன். எஞ்சினப் பிரிச்ச வண்டிய நாளைக்கு எவன் வாங்குவான்?"

சோப்பு நுரை

வாங்குவதற்கு ஆள் இருந்தது. செல்போன் கடை சாதிக் அதே வண்டியில் வந்து இறங்கினார். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கிறது, கார்புரேட்டரை ஜல்தியா டியூன் பண்ணுங்க என்றார். பிளக்கைக் கழற்றினேன், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. இப்போது கிராங்கின் மறுபக்கம், மேக்னெட் பக்கத்துச் சீலும் போய், அந்த வழியாகக் காற்று உள்ளே போகிறது.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார் என்று, கார்புரேட்டர் வழியையும் சைலன்ஸர் வழியையும் அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்தேன். சீலைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவியதும் குமிழ் குமிழாகக் கொப்பளித்தது. காற்று கூடினால் எஞ்சின் சூடேறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், ஓடுகிற வண்டியில் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவர் நுரையை உற்றுப் பார்த்தார்.

"சோப்பு போட்டா எதுலதாண்ணா நுரை வராது?"

கலசப்பாக்கம் ரோடு

அடுத்த தடவை வண்டி லோடு ஆட்டோவில் வந்தது. கூட வந்தவர் கஸ்தூரி என்ற அம்மா. அவர் கணவர் வேதாசலம் சேவூரில் கைத்தறி நெய்கிறவர். ஆசைப்பட்டு சாதிக்கிடம் வாங்கியிருக்கிறார். சீல் போனதைப் பற்றி சாதிக் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலசப்பாக்கம் போகிற வழியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, மனுஷர் தூக்கி எறியப்பட்டு வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. தறியில் நாடாவை ஓட்டக் கயிற்றை இழுக்கிற கை. பாதிச் சேலை தறியிலேயே நிற்கிறதாம்.

நான் கிக்கரை மிதித்துப் பார்த்தேன், இறங்கவில்லை. பிஸ்டன் பிடித்திருந்தது. எதனால் என்று அந்த அம்மா கேட்டார். டிராயரிலிருந்து புது ரப்பர் சீல் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்து, இது தேய்ந்ததால் என்றேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பாட்டில் மூடி மாதிரி அத்தனூண்டு ரப்பரு. இதுக்காங்க அவரு கை போச்சு?"

மச்சான் வாங்கிய வண்டி

ரப்பர் சீலை மாற்றாமல் விற்காதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். வேறு ஷெட்டில் பிஸ்டனை மட்டும் மாற்றி விற்றுவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கட்டுப் பிரித்தும் வேதாசலத்துக்கு மணிக்கட்டு திரும்பவில்லை. இப்போது அவர் இடது கையால் நூல் சுற்றிக் கொடுக்கிறார், அந்த அம்மா தறியில் உட்காருகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி சுரேஷ், புதுசா வண்டி எடுத்திருக்கேன் மாமா என்று வாசலில் வந்து நின்றான். பச்சை வண்டி. புகைக்கு நடுவே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். அவன் அக்காவிடம் போய்ப் புகார் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சினை இறக்கிவிட்டேன்.

இரண்டு சீலும் வெயிலில் கிடந்த செருப்பு வார் மாதிரி விறைத்திருந்தன. விரல் பட்டதும் ஓரம் பிய்ந்து வந்தது. புதுசு போட்டு மூட்டி ஸ்டார்ட் செய்தேன். புகை இல்லை. ஆக்ஸிலேட்டரை விட்டதும் எஞ்சின் அடங்கி நிதானமாக ஓடியது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கஸ்தூரி அம்மா நினைவுதான் வந்தது. சுரேஷ் ஒரு ரவுண்டு போய்விட்டு முகம் தொங்கிப்போய் வந்தான்.

"இன்னா மாமா, புகையும் இல்ல, சத்தமும் இல்ல. நல்லா கீற வண்டிய பேஜாராக்கிட்டீங்களே."

வண்டி கெட்டால் கார்புரேட்டர் மேல் கோபம், சரியானால் என் மேல் கோபம், அந்த ரப்பர் சீலின் மேல் மட்டும் இந்த ஊரில் யாருக்கும் இதுவரை ஒரு வருத்தமும் இல்லை.