முழுக்கை ரவிக்கை

வங்காளத்தில், கார்டன் ரீச்சில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசர் குடியிருந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. ஒருநாள் எட்டு வயதுப் பெண் ஒருத்தி அவர்களிடம் வந்து சேர்ந்தாள். காலராவில் தாய் தகப்பனை இழந்தவள். அநாதை விடுதிக் கமிட்டி, "மகளாக வளர்க்க" அவளை அங்கே விட்டிருந்தது.

அந்த மகள் விடிந்தது முதல் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்தாள். ஒருநாள் வாளியை எடுக்கக் கை நீட்டியபோது முழுக்கை ரவிக்கை மேலேறியது. முழங்கைக்கு மேலே மூன்று சூட்டுத் தழும்புகள். ஒன்று இன்னும் ஆறவில்லை.

"யாருடி சுட்டா?"

"பால் பொங்கிடுத்து, மாமி."

மறுநாளே கணவரோடு போய்க் கமிட்டி செக்ரெட்டரியிடம் சொன்னேன். அவரும் தமிழர்தான்.

"நல்ல குடும்பம்மா. நானே நேர்ல பாத்து ரிப்போர்ட் எழுதியிருக்கேன்" என்றார்.

அவர் பார்த்த லட்சணத்தை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். வருவதாக ஒரு வாரம் முன்பே கடிதம் போடுவார். பெண்ணுக்குத் தலைவாரிப் பட்டுப்பாவாடை கட்டி நிறுத்துவார்கள். காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

புகார் சொன்னது யார் என்பதையும் அவரே அடுத்த வீட்டில் சொல்லிவிட்டார். அந்த வாரம் அவள் கையில் நான்காவது சூடு விழுந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், இவர்களை ஊர் பார்க்கத் தலைகுனிய வைப்பது என்று.

கமிட்டியின் ஆண்டுக்கூட்டத்தில் அந்தத் தம்பதிக்குச் சால்வை போடுவதாக ஏற்பாடு. தமிழர்களும் வங்காளிகளுமாகக் கூடம் நிறைந்திருந்தது. பெண்ணையும் பட்டுப்பாவாடை கட்டிப் பக்கத்தில் உட்கார்த்தியிருந்தார்கள். செக்ரெட்டரி ரிப்போர்ட்டைப் படித்து முடித்ததும் எழுந்தேன்.

"அந்தக் குழந்தையைப் பத்தி எழுதினதை இன்னொரு தரம் படியுங்கோ."

அவர் விழித்தார். எல்லோரும் பார்க்கவே, படித்தார். "குழந்தை எக்குறையுமின்றி…"

அதற்குள் நான் அவளிடம் போயிருந்தேன். "காட்டலாமாடி?" என்று காதோடு கேட்டேன். அவள் தானே பித்தானைக் கழற்றி, ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினாள்.

முன்வரிசை வங்காளி அம்மாள் "ஓ மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடுப்புல பட்டுண்டா" என்றாள் ஆபீசர் மனைவி.

"நாலு தரமும் ஒரே அளவாவா?" என்று தமிழில் கேட்டேன். பிறகு வங்காள மொழியிலும் கேட்டேன், ஒருவரும் விட்டுப்போகக் கூடாதென்று.

சால்வை மடித்தபடியே கிடந்தது. செக்ரெட்டரி பதவியை விட்டார். அந்த நவராத்திரிக்கு அடுத்த வீட்டில் யாரும் தாம்பூலம் வாங்கப் போகவில்லை. காலி வாசலை ஜன்னலில் நின்று ஆசைதீரப் பார்த்தேன். பொங்கலுக்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போனார்கள்.

கமிட்டி திருந்திவிடவில்லை. விடுதிக்குத் திரும்பிய பெண்ணை டாலிகஞ்சில் வேறொரு வீட்டுக்கு அனுப்பக் கிளம்பினார்கள். போய்ச் சண்டை போட்டு என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். என்னிடம்தான் வளர்ந்தாள். மற்றக் குழந்தைகள் இருந்த வீடுகளுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். இரண்டு பேரைக் கையோடு கூட்டி வந்தேன்.

பல வருஷங்களுக்குப் பிறகு டிராமில் அந்தப் பழைய செக்ரெட்டரி எதிரே உட்கார்ந்தார்.

"அன்னிக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"முதல்ல தனியாத்தான் வந்து சொன்னேன்" என்றேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.