முந்தி வைத்த நட்சத்திரம்

தன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வேண்டுமென்று தங்கை இழுத்துப் போனதால்தான், பெரிய காஞ்சிபுரத்தில் நான் முன்பு வேலை பார்த்த கடைக்குள் மறுபடி கால் வைத்தேன். வாசலிலேயே மாடி உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம். கிளைக்குக் கிளை தங்கக் காகித நட்சத்திரம். ‘கிறிஸ்துமஸ் ஆஃபர்’ என்று பலகை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுங்கள், கோபத்தில் கதையைத் தலைகீழாகச் சொல்லிவிடுவேன்.

இங்கே சேலை விரித்துக் காட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. புதுப் பட்டின் வாசனை சட்டையை விட்டுப் போகவே போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், “பட்டுக்கடையா தம்பி?” என்பார். பில் போடுகிற ஸ்டெல்லாவிடமும் அதே வாசனைதான். ஆயுத பூஜைக்குக் கடை முழுக்கக் கோலம் போடுகிறவள் அவள். ஒரு டிசம்பரில், நாங்கள் சாப்பிடுகிற பின்னறையில், வாளி மணலில் ஒரு சவுக்குக் கிளையை நட்டாள். சேலைப் பெட்டிகளில் ஒட்டி மிஞ்சிய தங்கக் காகிதத்தில் நட்சத்திரம் மடிக்கச் சொன்னாள்.

மடிப்பதற்கு எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? சேலையின் முந்தி மேலே தெரிய மடித்துப் பழகிய கை. தங்கப் பக்கம் முழுவதையும் முன்னால் கொண்டுவந்து மடித்துத் தள்ளினேன். பின்னால் வெறும் வெள்ளை. ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏம்பா, நட்சத்திரத்துக்குமா முந்தி வெச்சு மடிப்ப? மரத்த சுத்திக்கினு பாப்பாங்கபா.”

எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடித்தோம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி எட்டிப் பார்த்தார்.

“முகூர்த்தப் பட்டு விக்கிற எடத்துல இன்னாமா இது? தூக்கிப் போடு.”

“பின்னாடி ரூமுக்கு எந்தக் கல்யாண வீட்டுக்காரங்க வர்றாங்க?” என்றேன். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, வாளியை அவரே காலால் எத்தினார். நட்சத்திரங்கள் எங்கள் சோற்றுத் தட்டுகளில் விழுந்தன.

ஸ்டெல்லா எழுந்தாள். “ஆயுத பூஜைக்குக் கோலம் போட்டது எந்தக் கைங்க மொதலாளி? அப்போ மட்டும் இந்தக் கை ஆவுமா?”

கடை முழுக்கக் கேட்டது. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அப்படியும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் திரும்பி வரவேயில்லை.

இப்போது அதே பண்டிகையை வைத்து வியாபாரம்! வெட்கமாக இல்லையா இவர்களுக்கு?

பில் போடுகிற பெண்ணிடம், “இங்க வேல செய்யறவங்கள்ல கிறிஸ்டியன் யாருனா இருக்காங்களாமா?” என்று கேட்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“நான்தான் சார். கிறிஸ்துமஸ் அன்னிக்கு லீவு கேட்டேன். ஆஃபர் நாளு, முடியாதுன்னுட்டாங்க. சார், கொஞ்சம் சத்தமா பேசாதீங்க.”

பின்னறை இருந்த இடத்தில் லிஃப்ட் வந்துவிட்டது. சத்தமாகக் கேட்ட ஒருத்தி வேலை பார்த்த கடை இது.