ராணிகள் இருவருக்கும் ஒரே கீறல்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கரையான்சாவடியில், எங்கள் பக்கத்து வீட்டில் நடந்தது இது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புத் தகட்டில் அச்சு வைத்து வாஷர் அடிக்கும் கம்பெனி ஒன்றில் செக்கிங் பார்க்கிறேன். இருபத்திரண்டு வருடமாக லென்ஸும் கையுமாகத்தான் பிழைப்பு. "தோசை வட்டமா வரலைன்னா அதுக்கும் ரிஜெக்ட் சீட்டு ஒட்டுவியா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

பக்கத்து வீட்டு பாய் தையல்கடைக்காரர். பழைய நாணயம் என்றால் உயிர். முப்பது வருடம் அலைந்து சேர்த்த சோழர் செப்புக் காசுகள் நான்கு ஆல்பம் வைத்திருந்தார். அன்று அத்தனையையும் கொடுத்துவிட்டு, இரண்டே இரண்டு ரோமானியத் தங்கக் காசுகளை வாங்கிக்கொள்ளப் போகிறார். கொண்டுவந்த ஆள் சோபாவில் உட்கார்ந்திருந்தார். உரசிப் பார்த்தாயிற்று, அசல் தங்கம்.

"தங்கச்சி, ரோமாபுரி ராணிய வந்து பாரு" என்று பாய் கூப்பிட்டார். ஒரு பக்கம் கொண்டை போட்ட ராணி, மறுபக்கம் கையில் கதிர் ஏந்திய தெய்வம். அவ்வளவு அழகு. பழக்கதோஷம், ஓடிப்போய் என் லென்ஸை எடுத்து வந்தேன். "வாஷர் கம்பெனில செக்கிங் பாக்குது" என்று பாய் வந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்.

ராணியின் கன்னத்தில் மெல்லிய கீறல். இன்னொரு காசிலும் அதே இடத்தில் அதே கீறல். பாய் முகத்திலோ கல்யாணக் களை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"பாய், தங்கம் அசல்தான், ஆனா ரெண்டும் ஒரே காச அச்செடுத்து வார்த்த நகல்."

வந்தவர் சிரித்தார். "ஒரே அச்சுல அடிச்சதும்மா, அதான் ஒரே மாதிரி கீது. வாஷர் பாக்கறவங்களுக்கு ராணியப் பத்தி இன்னா தெரியும்?"

சுருக்கென்றது. ராணியைப் பற்றித் தெரியாதுதான், அச்சைப் பற்றித் தெரியுமே. "அடிக்கிற அச்சுல கீறல் இருந்தா காசுல மேடா வரும். இது பள்ளமா இருக்கு. அடிச்ச பிறகு எதுலயோ பட்ட கீறல். ரெண்டு காசு ஒரே எடத்துல, ஒரே நீளத்துக்கு அடிபடுமா?"

பாய் லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு நான்கு ஆல்பங்களையும் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். "நீங்க கெளம்புங்க அண்ணாத்தே" என்றார். வந்தவர் டீயைக்கூடக் குடிக்கவில்லை.

இப்போதெல்லாம் நாணயம் பார்க்கப் போனால் பாய் என்னையும் அழைத்துப் போகிறார். கம்பெனியில் ஒரே மாதிரி இருந்தால்தான் பாஸ். ஒரே மாதிரி இருந்ததற்காக நான் ரிஜெக்ட் செய்தது அந்த ராணிகளை மட்டும்தான். அதை நினைத்தால் திங்கட்கிழமை பஸ் ஏறும்போதுகூட நெஞ்சு நிமிர்கிறது.