புரட்டாசி முடிந்த ஞாயிறு

பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பதுதான் வேலை. அதை நெடுநாள் செய்தால், தப்பு என்பது மற்றவர்களுக்கு நேர்வது என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் ஒரு பாயின் கறிக்கடை இருக்கிறது. ஒரு காலை, அங்கிருந்து வந்த கழிவு மூட்டையை நாய்கள் தெரு முழுக்க இழுத்துப் போட்டிருந்தன. மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளர் தடம் பிடித்துக் கடைக்கே வந்துவிட்டார். "இன்னொரு தடவ தெருவுல பார்த்தா பூட்டுதான் பாய். ரெண்டு மாசம் கழிச்சு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாய் வீட்டில் ஆறு பேர். வேறு வருமானம் கிடையாது.

அரைக் கிலோ கறிக்காக வரிசையில் நின்ற நான், "கவலைய விடுங்க பாய், இதுல காஸ் எடுக்கலாம்" என்றேன்.

கழிவைக் காற்றுப் புகாத தொட்டியில் அழுகவிட்டால் எரிவாயு வரும் என்று ஒரு கட்டுரை முன்பு என் மேசைக்கு வந்திருந்தது. தலைப்பு மட்டும் என்னுடையது. அந்தத் தகுதியோடு பேசினேன்.

பாய் நம்பிப் பணம் கட்டினார். தொட்டி விற்கும் கம்பெனி ஆட்கள் கடைக்குப் பின்புறம் ஒரு கறுப்புத் தொட்டியைப் பொருத்திவிட்டு, கூடவே கையேடு ஒன்றும் கொடுத்துப் போனார்கள். அதை வரி விடாமல் படித்து, நான்கு அச்சுப்பிழைகளைப் பென்சிலால் திருத்தினேன். ஒரே நாளில் அதிகமாகக் கொட்டக் கூடாது என்ற வரியிலும் ஒன்று இருந்தது.

முதலில் மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றினோம். பிறகு கோழிக்குடல், ஆட்டுக் கொழுப்பு, சவ்வு. புரட்டாசி பிறந்தது. பாதித் தெரு கறியை நிறுத்தியதால் கழிவும் கொஞ்சம்தான். தொட்டி அளவாகத் தின்று நீலமாக எரிந்தது. அந்தத் தீயில் பாய் ஆட்டுக்கால் வாட்டினார். நான் தினமும் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். "சார் காஸ் கம்பெனி வெச்சிகீறாரா?" என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டார். மறுக்கவில்லை.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு, வரிசை பஸ் ஸ்டாப் வரை நின்றது. மதியத்துக்குள் நாலு கூடை கழிவு.

"இவ்ளோவும் தாங்குமா சார்?" என்றார் பாய்.

"ஒரு மாசமா அரை வயிறு பாய் அது. கொட்டுங்க."

புதன்கிழமை அடுப்பு பற்றவில்லை. தொட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு நுரை வழிந்தது. நாற்றம் எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. "உங்க காஸ் நம்ம வீட்டுக்கே வந்துடுச்சு. குழாய்கூட வேணாம்போல" என்றாள் மனைவி.

அடுத்த வாரம் வருவதாக ஆய்வாளர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் லிட்மஸ் தாளோடு கடைக்கு ஓடினேன். நுரையில் தோய்த்ததும் அது சிவந்தது. அமிலம் கூடிப்போனது பற்றியும் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பற்றியும் விளக்கினேன். பாய் கத்தியைத் துடைத்தபடி பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது, துன்னது செரிக்கல. அதானே சார்?"

"அப்படியும் சொல்லலாம்."

"போன பக்ரீத்துக்கு வாங்கின கடா ஒரு குண்டான் சோத்த துன்னுட்டு வயிறு உப்பிப் படுத்துக்கிச்சு. தீனிய நிறுத்தி, ஆப்ப சோடா கரைச்சு ஊத்தினேன். எழுந்துக்கிச்சு. இதுக்கும் வயிறுதானே சார் கெட்டுக்கீது?"

கையேட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் கிட்டத்தட்ட அதேதான் இருந்தது. அந்தப் பக்கத்தில் பிழை எதுவும் இல்லாததால் எனக்கு நினைவில்லை.

தீனியை நிறுத்துவதென்றால் கழிவு எங்கே போகும்? தெருவுக்குப் போக முடியாது. கடை ஃப்ரீசரில் ஒரு கூடைக்கு மேல் அடங்காது. பாய் ஷட்டரை இறக்கினார். ஊரே கறி வாங்கும் வாரத்தில் ஐந்து நாள் கடை அடைப்பு.

சோடா வாங்கும் வேலை எனக்கு. "எத்தன பேருக்கு சார் ஆப்பம்?" என்று மளிகைக்கடைக்காரர் கேட்டார். பாய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி, புதுச் சாணமும் சேர்த்தார். ஐந்தாம் நாள் மாலை அடுப்பில் மஞ்சளாக ஒரு நாக்கு எழும்பி அணைந்தது. மறுநாள் காலை நீலம். ஷட்டர் ஏறியது.

அதற்கடுத்த நாள் ஆய்வாளர் வந்தார். தெருவைப் பார்த்தார், தொட்டியை மோந்தார், அடுப்பைத் தானே பற்றவைத்துப் பார்த்தார்.

"நல்லா வெச்சிருக்கீங்களே. யாரு பாக்குறது இத?"

பாய் என்னைக் கை காட்டினார். "சாருதான். பேப்பர்ல இருந்தவரு."

"படிச்சவங்க கூட இருந்தா இப்படித்தான்" என்று ஆய்வாளர் என் கையைக் குலுக்கினார். எத்தனையோ பேருடைய தப்பை அச்சேறாமல் தடுத்தவன், இந்த ஒன்றைத் திருத்தாமல் நின்றேன்.

அவர் போனதும், பாய் ஆணியில் மாட்டியிருந்த சின்ன வாளி ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே கரியால் ஒரு கோடு.

"ஒரு நாளைக்கு இதான் சார் அளவு. மீந்தா ஃப்ரீசர்ல கெடக்கட்டும். நீங்களே சொன்னாலும் இதுக்கு மேல கெடையாது."

இப்போதும் தினமும் காலையில் போகிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கலாம். மூடியைத் தொட அனுமதி இல்லை.