சமரசக் கையெழுத்து

அந்தத் தச்சருக்குக் குடியிருப்பில் 'ரம்பம்' என்று பெயர். தொழிலால் மட்டும் வந்த பெயர் அல்ல. வாயைத் திறந்தால் எதிராளியின் கழுத்தை அறுத்துவிடுவார். மூன்றாம் மாடியில், தன் வீட்டு பால்கனியிலேயே மின்ரம்பம் போட்டு மரம் அறுத்தார். நேர் கீழ்வீட்டில் ஒரு நர்ஸ். இரவு டியூட்டி முடித்துவிட்டுப் பகலில்தான் அவள் கண்ணை மூட வேண்டும்.

"அண்ணே, மதியம் வரைக்குமாவது நிறுத்துங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தாள். பிறகு குடியிருப்போர் சங்கத்தில் சொன்னாள். பகலில் ரம்பத்தை ஓட்ட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம் என்று சங்கம் தீர்மானம் போட்டது.

"கேட்டுக்கொள்கிறோம்னுதானே எழுதியிருக்கு? கேட்டுக்கிட்டே இருங்க" என்று தச்சர் சுவிட்சைத் தட்டினார். ஒரு போலீஸ்காரர் வந்து புத்தி சொன்னார். அவர் படியிறங்குவதற்குள் மரத்தூள் பறந்தது. யாராலும் தச்சரை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதிலேயே அவருக்குத் தலைகால் புரியாமல் போனது.

நர்ஸ் கோர்ட்டுக்குப் போனாள். நீதிபதி இருவரையும் முதலில் கோர்ட்டின் சமரச மையத்துக்குப் பேச அனுப்பினார். அங்கே அதட்ட ஆளில்லை. மெதுவாகப் பேசும் ஓர் அம்மாள், மேசையில் தேநீர். இதுவும் வெறும் பேச்சுதான் என்று ரம்பம் முடிவுகட்டிவிட்டார். பகலில் வீட்டில் மரம் அறுப்பதில்லை என்ற தாளில், ஆளை விட்டால் போதுமென்று கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு எழுந்தார்.

மறுவாரமே ரம்பம் அலறியது. நர்ஸ் இம்முறை மேலே ஏறி வரவில்லை. கோர்ட் நோட்டீஸ்தான் வந்தது.

நோட்டீஸைப் பார்த்த அவருடைய வக்கீல் தலையிலடித்துக்கொண்டார். "உங்களை யாருங்க கையெழுத்துப் போடச் சொன்னா? போடாம எழுந்து வந்திருந்தா அது வெறும் பேச்சு. நீங்க போட்டீங்க, ஜட்ஜும் அதையே தீர்ப்பா ஆக்கிட்டார். இனி மீறினா உள்ளே தள்ளலாம்."

"அந்தம்மா டீதானே குடுத்தாங்க, எதுவும் சொல்லலையே!"

"சொல்லியிருப்பாங்க. நீங்க காது குடுத்திருக்க மாட்டீங்க."

வீட்டில் மனைவியும் விடவில்லை. "அந்தப் பொண்ணு கெஞ்சினப்பவே கேட்டிருந்தா மரியாதையாவது மிஞ்சியிருக்கும்."

"உன் வேலையைப் பாருடி."

ஊர்க்கோடியில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிய காலையில், டியூட்டி முடிந்து நர்ஸ் படியேறி வந்தாள். சுமையோடு நின்றவரைப் பார்த்தும் அவள் ஒதுங்கவில்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அவர்தான் வழிவிட்டார்.

"சனியன்" என்று முணுமுணுத்தார்.

அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள்.